குதிரையும் குமாஸ்தாவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் குறளின் பெருமையையோ சிலம்பின் சிறப்பையோ எடுத்துரைப்பது நம் சங்கத்தின் மரபு. அவ்வகையில் பேசுதற்குரிய புலமை எனக்கில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபத்து நான்கு ஆண்டுகளாகச் சரக்குக் கணக்கு எழுதிவருபவன் நான். ஆகவே செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது தயங்கினேன். அவரோ, “புத்தகத்தில் உள்ளதைப் பேசப் பலர் இருக்கிறார்கள், நீங்கள் ஞாயிறுதோறும் போய்ப் பழகிவரும் குதிரையேற்றத்தைப் பற்றிப் பேசுங்கள்” என்றார். காலனியில் இரண்டாண்டுகளாக அது ஒரு வேடிக்கைப் பேச்சாக இருந்துவருவதை நான் அறியாதவன் அல்லேன். பக்கத்துப் பிளாக்கிலுள்ள அம்மையார் ஒருவர், “என்ன சார், மறுபடியும் மாப்பிள்ளை ஊர்வலமா?” என்று கேட்டார். இப்பக்கத்துக் கல்யாணங்களில் மணமகன் குதிரைமேல் வருவதைத் தினமும் பார்க்கின்ற நமக்கு அந்த ஐயம் எழுவது இயல்பே. அந்த அம்மையாருக்கு அன்று கூறாத விடையை இன்று விரிவாகக் கூறலாம் என்று எண்ணுகிறேன்.

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நாம் அனைவரும் கேட்டு வளர்ந்த பழமொழி. குழந்தைகளை நன்கு வளர்க்கவேண்டும் என்பதை வற்புறுத்த எழுந்த வாக்கு இது. ஆனால் நடைமுறையில் இதனைக் குழந்தைகளுக்காக நாம் பயன்படுத்துவது குறைவு. நமக்காகப் பயன்படுத்துவதே அதிகம். “இனி எனக்கு என்ன வரப்போகிறது?” என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்துகொள்வதற்கு இதனைவிட வசதியான தலையணை வேறில்லை. நாற்பத்தாறு வயதுடைய ஒரு குமாஸ்தாவின் முதுகு வளையுமா, வளையாதா என்று சோதித்துப் பார்த்ததில் நான் கண்டவற்றையே இப்போது சொல்லப்போகிறேன்.

முதலில், தமிழராகிய நமக்கும் குதிரைக்கும் உள்ள உறவைச் சிறிது நினைவுபடுத்திக் கொள்வோம். புறநானூற்றில் “குதிரை மறம்” என்றே ஒரு துறை இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாறு சிறு குழந்தைக்கும் தெரியும். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைக் கல்லில் வடித்திருக்கிறார்கள். நம் ஊர் எல்லைகளில் ஐயனாருக்கு மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நம் நாட்டுக்கு வந்த நல்ல குதிரைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்கப்பட்டவை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டுசென்ற மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கப்பலில் குதிரைகள் வந்திறங்குவதையும், அவற்றைப் பேணும் முறை தெரியாமையால் பல மடிந்துபோவதையும் எழுதிவைத்திருக்கிறான். அரசனுக்கும் தளபதிக்கும் குதிரை வாகனமாக இருந்தது. குடிமக்களுக்கு அது கல்லிலும் மண்ணிலும் கதையிலும் மட்டுமே இருந்தது.

கதை என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவன் செஞ்சித் தேசிங்கு. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது இளம்வயதிலேயே மாண்ட வீரன் அவன். தில்லி அரண்மனையில் எவராலும் அடக்கமுடியாத குதிரையின்மீது அவன் ஒரே தாவலில் ஏறி அதனை அடக்கினான் என்று நாட்டுப்பாடல் கூறும். கேட்கக் கேட்க உடல் சிலிர்க்கும் கதைதான். ஆனால் குதிரையேற்றம் என்பது ஒரே தாவலில் நிகழும் வீரச்செயல் என்ற எண்ணத்தை இக்கதை நம் மனத்தில் பதித்துவிட்டது. அந்தத் தாவலுக்கு முன்னால் அவன் எத்தனை நாள் பழகியிருப்பான் என்று எந்தப் பாட்டும் சொல்வதில்லை.

நம்மைப் போன்ற ரயில்வே குடும்பத்தாருக்கு மற்றுமொரு விந்தை உண்டு. நீராவி இயந்திரத்தின் ஆற்றலைச் சொல்லுதற்கு ஜேம்ஸ் வாட் குதிரையையே அளவுகோலாக வைத்தார். அன்று தொடங்கி இன்றுவரை எஞ்சின்களைக் குதிரைத்திறனால் அளக்கிறோம். நம் பிளாட்பாரத்தில் வந்து நிற்கும் டபிள்யூ.ஏ.பி.-7 வகை மின்சார எஞ்சினுக்கு 6,000க்கு மேற்பட்ட குதிரைத்திறன். ஆறாயிரம் குதிரைகளை நாள்தோறும் கணக்கில் காணும் நாம், ஒரே ஒரு குதிரையின் முகத்தையாவது அருகிலிருந்து பார்த்திருக்கிறோமா?

எனக்கு அந்த வாய்ப்பு தற்செயலாக வந்தது. என் மகனுக்காகப் பத்துப் பாடங்களுக்குரிய கட்டணத்தை இந்நகரத்துக் குதிரைப் பயிற்சிக்கூடம் ஒன்றில் முன்னதாகவே செலுத்தியிருந்தேன். மூன்று பாடங்கள் முடிந்ததும் அவனுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது, சென்றுவிட்டான். ஏழு பாடங்கள் எஞ்சி நின்றன. வாங்கிய டிக்கெட்டை வீணாக்க ரயில்வேக்காரனுக்கு மனம் வருமா? மறு ஞாயிற்றுக்கிழமை நானே போய் நின்றேன். அங்கே கற்பிப்பவர் குதிரைப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர். அனைவரும் அவரை உஸ்தாத் என்றே அழைப்பர். அவர் என் தொந்தியையும் நரையையும் ஒருமுறை பார்த்தார், சிரிக்கவில்லை. “இதய நோய் உண்டா? முதுகில் அறுவை நடந்ததா? எடை எவ்வளவு?” என்று மூன்று கேள்விகள் கேட்டார். மருத்துவரிடம் காட்டி வரச் சொன்னார். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாரத்தை அதன்மேல் ஏற்றலாகாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. சராசரிக் குதிரை 400 முதல் 500 கிலோ எடை இருக்கும். அக்கணக்கில் நான் தேறினேன்.

முதல் நாள் குதிரைமேல் ஏறலாம் என்று ஆவலோடு சென்றவனுக்குக் கிடைத்தது தூரிகை. மோத்தி என்னும் பெயருடைய, பதினாறு வயதான பெண்குதிரையைத் தேய்த்துத் துடைக்கச் சொன்னார்கள். குளம்பின் அடியிலுள்ள மண்ணைச் சுரண்டி எடுக்கச் சொன்னார்கள். இதுவும் பாடமா என்று எண்ணத் தோன்றும். ஆனால் முதற்பாடம் இதுவே. குதிரை, புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகப் பிறந்த விலங்கு; ஓடிப் பிழைப்பதே அதன் இயற்கை. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 பாகை அளவுக்கு அது பார்க்கும். நேர் பின்புறமும், நெற்றிக்கு நேர் முன்னே சிறிதிடமும் மட்டுமே அதற்குத் தெரியா. ஆகவே பின்புறமாக ஓசையின்றிச் செல்பவன் உதைபடுவான். இடத்தோளின் பக்கமாகப் பேசிக்கொண்டே செல்பவன் வரவேற்கப்படுவான். ஓர் ஈ வந்து உட்கார்ந்தாலும் தோலைச் சிலிர்த்து உதறும் நுண்ணுணர்வு அதற்குண்டு. அப்படிப்பட்ட விலங்கின் முதுகில் நாம் அச்சத்தோடு அமர்ந்தால் அது அறியாதிருக்குமா? நமக்குள்ளே என்ன நிகழ்கிறது என்பதை, நாம் அறிவதற்கு முன்பே அது அறிந்துவிடுகிறது.

இரண்டாம் பாடம் அமர்தல். இதைக் கேட்டு நீங்கள் நகைக்கலாம்; குமாஸ்தாவுக்கு உட்காருவதைக் கற்பிக்க வேண்டுமா என்று. ஆனால் நாற்காலியில் உட்காருவது வேறு, சேணத்தில் அமர்வது வேறு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சவாரி செய்பவரின் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். மேசைமேல் குனிந்து இருபதாண்டு எழுதிய முதுகு அந்தக் கோட்டுக்கு எளிதில் வருவதில்லை. உஸ்தாத் நடுவில் நின்று நீண்ட கயிற்றினால் குதிரையைப் பிடித்துக்கொள்வார். குதிரை அவரைச் சுற்றி வட்டமாக நடக்கும். மேலே இருப்பவர் கையில் கடிவாளம் இராது. இரு கைகளையும் விரித்து, விமானம்போல் நீட்டிக்கொண்டு சுற்றவேண்டும். “நீச்சே மத் தேக்கோ” என்பது அவர் ஓயாமல் கூறும் மந்திரம். தலையின் பாரம் எங்கே சாய்கிறதோ, உடலின் பாரமும் அங்கே சாயும். கீழே பார்ப்பவன் கீழே போவான்.

அஞ்சிய உடல் என்ன செய்கிறது? முழங்கால்களால் இறுக்கிப் பிடிக்கிறது, மூச்சை அடக்குகிறது. ஈரமான சோப்புக் கட்டியை விரல்களால் இறுக்கினால் அது எப்படி மேலே நழுவிக் கிளம்புமோ, அப்படியே முழங்காலை இறுக்குபவனும் சேணத்திலிருந்து மேலே கிளம்புகிறான். இறுக்க இறுக்கப் பிடி தளர்கிறது. தளர்த்தினால் பிடி வருகிறது. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஆனால் ரயில்வேக்காரர்களாகிய உங்களுக்கு நான் ஒரே சொல்லில் விளக்கிவிட முடியும். ஓடும் வண்டியில் தேநீர் விற்றுச் செல்பவனைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஒரு கையில் கெட்டில், மறு கையில் குவளைகள். எதையும் பிடித்துக்கொள்ளாமல், வண்டி ஆடுகின்ற ஆட்டத்துக்கெல்லாம் முழங்காலை மெல்ல நெகிழ்த்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்துபோகிறான். புதிதாக வண்டியேறிய பிரயாணியோ கம்பியை இறுகப் பற்றிக்கொண்டே தடுமாறுகிறான். குதிரைமேல் அமர்வதன் இரகசியம் முழுவதும் அந்தத் தேநீர்க்காரனின் முழங்காலில் இருக்கிறது.

மூன்றாம் பாடம் துல்கி என்னும் ஓட்டநடை. பழைய தமிழ் நூலார் குதிரையின் நடையை ஐங்கதி என்று வகுத்தனர். இன்றைய பயிற்சியில் நான்காகக் கொள்வர். சாதாரண நடையில் நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றும். காதுக்கு நான்கு தாளம் கேட்கும். துல்கியில், வலது முன்காலும் இடது பின்காலும் ஒருங்கே ஊன்றும். பிறகு மற்ற இரண்டு. ஆகவே இரண்டு தாளம். காண்டர் என்னும் தாவுநடையில் மூன்று தாளம். நாலுகால் பாய்ச்சலில் மீண்டும் நான்கு, ஆனால் மின்னல் வேகத்தில். இவற்றுள் துல்கிதான் புதியவர்களைக் குலுக்கி எடுப்பது. வில் இல்லாத மாட்டுவண்டியில் கருங்கல் சாலையில் போனவர்கள் அதை ஒருவாறு ஊகிக்கலாம். அந்தக் குலுக்கலைத் தாங்குவதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: ஒரு தாளத்துக்கு எழுவது, மறு தாளத்துக்கு அமர்வது. தபால் சுமந்து நெடுந்தொலைவு குதிரையில் சென்றோர் கையாண்ட முறையாதலால், ஆங்கிலத்தில் தபாலின் பெயராலேயே இதனை வழங்குகின்றனர். எழுதல், அமர்தல், எழுதல், அமர்தல் என்று வாயால் எண்ணுவது எளிது. எண்ணத்தோடு இடுப்பு சேர்ந்துவருவதற்கு எனக்கு ஏழு ஞாயிறுகள் ஆயின. கட்டணம் செலுத்திய ஏழு பாடங்களும் அதோடு முடிந்தன. எட்டாம் பாடத்துக்கு என் சம்பளத்திலிருந்து பணம் கட்டியபோதுதான், இது டிக்கெட்டை வீணாக்காமலிருப்பதற்கான முயற்சி என்ற நிலை மாறி, எனக்கே உரிய கல்வியாயிற்று என்று உணர்ந்தேன்.

இங்கே குழந்தையையும் வயது வந்தவரையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். என் வகுப்பில் என்னோடு பயில்வோர் ஒன்பது, பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர் சிறுமியர். குழந்தையின் மூட்டு நெகிழ்வானது. விழுந்தாலும் எடை குறைவு. நாளை அலுவலகம் போகவேண்டுமே, குடும்பம் இருக்கிறதே என்ற கவலை அதற்கில்லை. நான் நான்கு மாதத்தில் எட்டிய இடத்தை அச்சிறுமி ஒருத்தி நான்கு வாரத்தில் எட்டினாள். இது உண்மை, இதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் வயது வந்தவனுக்கும் சில ஆயுதங்கள் உண்டு. ஏன் என்று கேட்டு, காரணத்தை அறிந்து, அந்தக் காரணத்தை அடுத்த வாரம்வரை நினைவில் வைத்திருக்க அவனால் முடியும். ஒரே வட்டத்தை நூறுமுறை சுற்றுவதற்குச் சலிக்காத பொறுமை, நாள்தோறும் ஒரே ரிஜிஸ்டரை எழுதுகிறவனுக்குத் தானாக வந்திருக்கும். தன் சொந்தப் பணத்தில், தன் சொந்த விருப்பத்தால் வந்து நிற்கிறான் என்பது அனைத்தினும் பெரிய ஆயுதம்.

குமாஸ்தா அல்லவா? ஒரு குறிப்பேடு போட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் என்ன வந்தது, என்ன வரவில்லை என்று எழுதினேன். முதல் மாதத்தில், ஏறவும் இறங்கவும் பிறர் துணை வேண்டியிருந்தது. மூன்றாம் மாதத்தில், அங்கவடியில் கால் வைக்காமல் இரண்டு வட்டம். நான்காம் மாதத்தில், கடிவாளம் என் கைக்கு வந்தது. அதன்பின் குறிப்பேட்டில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. ஒன்பது வாரங்கள் தொடர்ந்து “மேற்படி, மேற்படி” என்றே எழுதவேண்டி வந்தது. அதே வட்டம், அதே துல்கி, அதே முதுகுவலி. வயது வந்து கற்போரில் பலர் விட்டுவிட்டுப் போவது இந்த இடத்தில்தான் என்று உஸ்தாத் பின்னர் கூறினார். எனக்கும் அந்த எண்ணம் எழுந்தது. வீட்டில், “போதும், எலும்பு முழுசாக இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்” என்றார்கள்.

அந்த வாரம் என் குறிப்பேட்டைப் பற்றி உஸ்தாதிடம் சொன்னேன். அவர் என்னை மோத்தியின்மேல் ஏற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “குதிரையின் கழுத்து எங்கே இருக்கிறது?” தாழ்ந்து, நீண்டு, தளர்வாக இருந்தது. “முதல் மாதத்தில் எங்கே இருந்தது?” அப்போதெல்லாம் அது தலையை உயரத் தூக்கிக்கொண்டே ஓடும். அவர் விளக்கினார்: மேலே இருப்பவரின் கை துள்ளும்போதெல்லாம் குதிரையின் வாயிலுள்ள இரும்பு அதன் ஈறில் இடிக்கிறது, வலிக்கு அஞ்சி அது தலையைத் தூக்கி முதுகை உள்ளே வாங்கிக்கொள்கிறது. கை அமைதி பெற்றதும் அது கழுத்தைத் தாழ்த்தி, முதுகைத் தளரவிட்டு, மென்றுகொண்டே செல்கிறது. “ஒன்பது வாரமாக நீங்கள் உங்களைப் பார்த்து மேற்படி என்று எழுதினீர்கள். குதிரையைப் பார்த்து எழுதியிருந்தால் ஒவ்வொரு வாரமும் புதிதாக எழுதியிருக்கலாம்” என்றார்.

அன்பர்களே, நான் இன்று சொல்ல வந்த செய்தி இதுவே. கற்பவன் தன் முன்னேற்றத்தைத் தன்னிடத்தில் தேடினால் பெரும்பாலும் காணமாட்டான். தான் எதனோடு பழகுகிறானோ, அது தன்னிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால் காண்பான். அன்று முதல் என் குறிப்பேட்டின் வாசகம் மாறியது. “இன்று நான் அருகில் சென்றபோது காதுகள் முன்னே திரும்பின.” “இன்று கடிவாளத்தை இழுக்காமல், மூச்சை வெளிவிட்டு உடலைத் தாழ்த்தியதும் நின்றது.” “இன்று காலால் மெல்ல அழுத்தினேன், புறப்பட்டது, உடனே அழுத்தத்தை விட்டேன்.” இந்தக் கடைசிக் குறிப்பு மிக முக்கியமானது. கேட்டதைக் குதிரை செய்த அக்கணமே நம் அழுத்தத்தை விட்டுவிடவேண்டும். அந்த விடுதலையே அதற்குப் பரிசு. அதனால்தான் அது கற்கிறது. கேட்டதைச் செய்தபின்னும் நச்சரித்துக்கொண்டே இருப்பவனுக்கு அது செவிசாய்ப்பதை நிறுத்திவிடும். வீட்டில் பிள்ளைகளை வளர்ப்போர் இதனைச் சிந்திக்கலாம். கிரேக்க நாட்டுச் செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே குதிரையேற்றம் பற்றி நூல் இயற்றியவர். சினத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்று அவர் வற்புறுத்தியிருக்கிறார். நம் நாட்டிலும் நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தை, தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தார் 1952இல் படங்களோடு பதிப்பித்தனர்.

பதினொன்றாம் மாதத்தில் தாவுநடை வந்தது. அரை வட்டம்தான், பத்து விநாடி இருக்கும். துல்கியின் குலுக்கல் திடீரென்று மறைந்து, ஊஞ்சலில் ஆடுவதுபோல் மூன்று தாளத்தில் உடல் மிதந்தது. அந்தப் பத்து விநாடிக்காக ஓராண்டு உழைக்கலாம் என்று இன்றும் கூறுவேன். இரண்டாண்டு முடிந்த இன்றைய நிலையில், நானே சேணம் கட்டி, ஏறி, மூன்று நடையிலும் சென்று, கேட்ட இடத்தில் நிறுத்தி இறங்குகிறேன். நாலுகால் பாய்ச்சலுக்கு நான் இன்னும் போகவில்லை. அவசரமும் இல்லை.

என்னைவிடப் பெரிய சான்றுகள் வேண்டுமானால் உலக வரலாற்றில் உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்னும் பெண்மணி, 1944இல் தம் 23ஆம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டார். முழங்காலுக்குக் கீழே வலு மீளவில்லை. நடப்பதையும் சவாரியையும் தொடக்கத்திலிருந்து மீண்டும் கற்றார். குதிரைமேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் பிறர் துணை தேவைப்பட்ட அவர், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸாஜ் என்னும் நடைநயப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1956இல் மீண்டும் பெற்றார். ஜப்பானியரான ஹிரோஷி ஹோகெட்சு 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரைதாண்டும் போட்டியில் கலந்துகொண்டார். பின்னர்ப் பல ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் உத்தியோகம் பார்த்தார். ஓய்வுபெற்றபின் முழுமூச்சாகப் பயின்று, 2008இல் பீஜிங்கிலும், 2012இல் தம் 71ஆம் வயதில் லண்டனிலும் ஒலிம்பிக் களத்தில் இறங்கினார். நம் நாட்டு இளைஞர்களும் 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுக்களில் நடைநயக் குழுப்போட்டியில் தங்கம் வென்றனர். 1982ஆம் ஆண்டுக்குப் பிறகு குதிரையேற்றத்தில் நாம் பெற்ற முதல் தங்கம் அது.

இதைக் கேட்டு யாரேனும் பழக முன்வந்தால், சில வார்த்தைகள். மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். முகவாய்க்கட்டையில் வார் கட்டும் தலைக்கவசம் இன்றி ஏறாதீர்கள். சிறிது குதி உள்ள பூட்ஸ் அணியுங்கள்; குதியில்லாத செருப்பு அங்கவடிக்குள் நழுவிச் சென்றால் கால் மாட்டிக்கொள்ளும். வயதான, அமைதியான, பலருக்குக் கற்பித்துப் பழகிய குதிரையைக் கேட்டுப் பெறுங்கள். தோற்றத்தைக் கண்டு இளங்குதிரையில் ஏறுவது, மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதினும் கேடானது. முதல் மாதத்தில் தொடையும் இடுப்பும் வலிக்கும்; அது போய்விடும்.

உடல்வலியைவிடக் கடினமான வலி ஒன்றுண்டு. அது போக நாளாகும். ஒன்பது வயதுச் சிறுமியின் பக்கத்தில், நரைத்த தலையோடு, அரிச்சுவடி மாணாக்கனாக நிற்கின்ற நாணம். வகுப்பின் முறைப்படி மூத்த மாணாக்கர் இளைய மாணாக்கருக்குத் துணையாவர். இரண்டாண்டு மூத்த மாணவி அவள். இளைய மாணாக்கன் நான். “அங்கிள், குதிகாலைத் தாழ்த்துங்கள்” என்று அவள் வேலிக்கப்பாலிருந்து கூவுவாள். “சரி அம்மா” என்று தாழ்த்துவேன். அந்த “சரி அம்மா” என்ற இரண்டு சொற்கள் நாவில் எளிதாக வருவதற்குத் துல்கியைவிட நீண்டநாள் பிடித்தது. அது வந்தபின் மற்ற எல்லாம் விரைவாக வந்தன.

இதனை இச்சங்கத்தின் மேடையில் ஏன் சொல்கிறேன் என்றால், நம் காலனியில் இந்த நாணம் பல வீடுகளில் பூட்டுப் போட்டிருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்து, முப்பது வயதாகி, வீட்டில் அழகாகத் தமிழ் பேசி, ஆனால் தமிழில் ஒரு வரி படிக்கத் தெரியாத சகோதர சகோதரிகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஊரிலிருந்து பாட்டி கைபேசியில் அனுப்பும் நான்கு வரியைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்குத் தம் குழந்தைகளை அழைத்துவந்து, வாசலிலேயே நின்று காத்திருந்து, அழைத்துப் போகிறார்கள். உள்ளே வந்து கடைசிப் பெஞ்சில் அமர்ந்தால் என்ன? குழந்தை “அம்மா, இது ழகரம்” என்று திருத்தினால் என்ன? இன்னொரு பக்கம், இருபதாண்டு இந்நகரில் வாழ்ந்தும், பஸ்ஸின் முகப்பிலுள்ள எழுத்தைப் படிக்கத் தெரியாமல் நடத்துநரைக் கேட்டுக் கேட்டு ஏறும் பெரியவர்களும் இருக்கிறோம். இரண்டும் ஒரே பூட்டு.

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஞாயிறு மாலைக் குழந்தைகள் வகுப்பிலேயே பெரியவர்களுக்கென்று இரண்டு பெஞ்சுகள் ஒதுக்குங்கள். ஒன்றில் தமிழ் எழுத்து. மற்றொன்றில் இவ்வூர் எழுத்து. தேர்வு வேண்டா, மதிப்பெண் வேண்டா. மாதங்கள் கழித்து, பாட்டியின் நான்கு வரிக்குத் தமிழிலேயே இரண்டு வரி விடை போயிற்று என்றால், பாட்டியின் முகமே மதிப்பெண் சொல்லும். இவ்வூர் எழுத்துக்குரிய பெஞ்சில் முதற்பெயராக என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுமாறு செயலாளரை வேண்டுகிறேன். வகுப்புக் காலை நேரத்தில் மட்டும் வேண்டா. காலையில் மோத்தி காத்திருப்பாள்.